ஒரு சைக்கிள், ஒரு ஆறு, இரண்டு ஞாயிறு! - குடகனாற்றங்கரையில் ஒரு ரவுண்டு

கோட்டை, கோயில், நெசவு, புகையிலை, உடைந்து மறுபடி எழுந்த ஓர் அணை... திண்டுக்கல்லைச் சுற்றி ஓடும் குடகனாற்றின் கதையை சைக்கிளில் போய்ப் பார்க்க ஒரு வழிகாட்டி.

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்? பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை, கொடைக்கானல் போகிற வழி. இந்தப் பட்டியலில் ஆறு இருக்காது. மதுரைக்கு வைகை, திருச்சிக்குக் காவிரி, நெல்லைக்குத் தாமிரபரணி என்று சொல்வதுபோல, திண்டுக்கல்லோடு ஓர் ஆற்றின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை.

ஆனால், ஆறு இருக்கிறது. பெயர் குடகனாறு. ஊர்ப்பேச்சில் கொடகனாறு. கீழ்ப்பழநி மலையில் பிறந்து, ஆத்தூர் வழியாக இறங்கி, திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஓடி, தாடிக்கொம்பு, வேடசந்தூர் கடந்து கரூர் மாவட்டத்துக்குள் நுழைந்து அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. ஆக, திண்டுக்கல்காரர்களும் காவிரிக் குடும்பம்தான்!

பேருந்திலோ காரிலோ போகும்போது இந்த ஆற்றைப் பார்ப்பது கஷ்டம். பாலத்தைக் கடக்கச் சில விநாடிகள்தான் ஆகும். அதற்குள் செல்போனில் ஒரு ரீல்ஸ் முடிந்திருக்கும். அதனால்தான் சைக்கிள்!

எதற்கு சைக்கிள்?

சாதாரண சைக்கிளில் மணிக்கு 12 முதல் 15 கி.மீ. வேகத்தில் போகலாம். நடந்தால் ஒரே நாளில் எட்ட முடியாத தூரத்தை எட்டலாம். வண்டியில் போனால் கண்ணில் படாத மடையும் வாய்க்காலும் கண்ணில் படும். நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிறுத்தலாம். பார்க்கிங் பிரச்னை இல்லை, பெட்ரோல் செலவும் இல்லை.

ஐரோப்பாவில் ஆற்றோரமாக சைக்கிள் மிதிப்பது பெரிய சுற்றுலாவாகவே வளர்ந்திருக்கிறது. பிரான்ஸின் அட்லாண்டிக் கரையிலிருந்து லுவார், டான்யூப் ஆறுகளை ஒட்டியே கருங்கடல் வரைக்கும் போகும் 'யூரோவெலோ 6' என்ற பாதை அதற்கு ஓர் உதாரணம். நம் பக்கம் அப்படிப் பலகை வைத்த பாதை எதுவும் இல்லை. ஆனால், ஆற்றையும் கண்மாய்களையும் ஒட்டிய ஊர்ச் சாலைகள் இருக்கின்றன. விடிந்ததிலிருந்து காலை எட்டு மணி வரை அந்தச் சாலைகளில் பால் வண்டி, பூ மூட்டை ஏற்றிய டூவீலர், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் தவிரப் பெரிய நெரிசல் கிடையாது.

அந்தப் பிள்ளைகள் ஓட்டுவதில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளும் உண்டு. தமிழகக் கிராமங்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தையது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், இன்னொருவர் துணைக்காகக் காத்திருக்காமல் இருக்கவும் அவர்களுக்கு அந்த இரண்டு சக்கரம் போதுமானதாக இருந்தது.

முதல் ஞாயிறு: தண்ணீர் வரும் திசையில்

திண்டுக்கல்லில் இருந்து தென்மேற்கே ஆத்தூர் அணை வரை போவதுதான் முதல் ஞாயிறு திட்டம். போக மட்டும் ஏறத்தாழ 25 முதல் 30 கி.மீ.

மதுரைச் சாலையில் 11 கி.மீ. தூரத்தில் சின்னாளபட்டி. இந்தத் துண்டில் மட்டும் வண்டிகள் அதிகம். அதனால் இருட்டு விலகியதும் கிளம்பி, வெயில் ஏறும் முன்பே கடந்துவிடுவது நல்லது. சின்னாளபட்டி நெசவாளர் ஊர். வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு சின்னாளபட்டிச் சேலை நிச்சயம் இருக்கும். துணியில் சின்னச்சின்ன முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்தால் புள்ளி புள்ளியாக வெள்ளை விழும் சுங்குடிக்கும் இந்த ஊர் பெயர்பெற்றது. சாயத்தொழிலுக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பக்கத்திலேயே காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய நிறுவனம், இன்று கிராமியப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. சௌந்தரம், டி.வி.எஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். தென்தமிழகத்துக்கு பஸ் விட்ட குடும்பத்தில் பிறந்தவர், மருத்துவம் படித்துவிட்டு, கிராமங்களுக்காக வேலை செய்ய இங்கே வந்தார்.

இந்தப் பயணத்துக்குப் பொருத்தமான இன்னொரு தகவலும் உண்டு. சௌந்தரம் 1952-ல் ஆத்தூர் தொகுதியிலும், 1957-ல் வேடசந்தூர் தொகுதியிலும் வென்று சட்டமன்றம் போனார். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆனார். அதாவது குடகனாற்றின் தலைப்பகுதி, வால்பகுதி இரண்டுக்கும் பிரதிநிதியாக இருந்தவர். ஆற்றின் இரு முனைகளுக்கும் ஒரே ஆள் பேசிய காலம் அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சின்னாளபட்டியிலிருந்து மேற்கே திரும்பி சித்தையன்கோட்டை வழியைப் பிடித்தால் காட்சி மொத்தமாக மாறிவிடும். நெல் வயல், தென்னந்தோப்பு, வாழை, நடுவே கண்மாய்கள். எதிரே நீல நிறத்தில் மலை. பன்றிமலை, ஆடலூர் என்று காபியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர்கள் அந்த மலைமேல் இருக்கின்றன. அங்கே பெய்யும் மழைதான் ஓடைகளாக இறங்கி ஆத்தூரில் சேர்கிறது.

இங்கே ஒரு சுவாரஸ்யம். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில்தான் அய்யம்பாளையம். அந்த ஊர் மருதாநதி அணைத் தண்ணீர் வைகைக்குப் போகிறது. ஆத்தூர் அணைத் தண்ணீர் குடகனாறு வழியாக காவிரிக்குப் போகிறது. இரண்டு அணைகளுக்கும் தண்ணீர் கொடுப்பது அதே மலைத்தொடர்தான். ஒரு பாறையின் இந்தப் பக்கம் விழும் துளி மதுரைக்கு, அந்தப் பக்கம் விழும் துளி கரூருக்கு. சைக்கிளில் ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிடலாம்!

ஆத்தூர் காமராஜர் அணையை மலையடிவாரத்தில் பார்க்கும்போது, திண்டுக்கல் டவுனில் குழாயைத் திறக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இங்கே வந்திருக்க வேண்டும் என்று தோன்றும். பல தலைமுறையாக நகரத்துக்குக் குடிநீர் கொடுத்து வரும் நீர்த்தேக்கம் இது. மூன்று பக்கமும் மலை, நடுவில் தண்ணீர், காலையில் பறவைச் சத்தம். பக்கத்திலேயே சடையாண்டி கோயில். கொண்டுபோன இட்லியைப் பிரிக்க நல்ல இடம். பிளாஸ்டிக்கை மட்டும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். நாம் போடும் குப்பை நம் குடிநீரில்தான் விழும்.

நரசிங்கபுரம்: ஆறு இரண்டாகும் இடம்

அணையைவிட்டு இறங்கும் தண்ணீர் நேராக திண்டுக்கல் பக்கம் ஓடிவிடுவதில்லை. நரசிங்கபுரம் பகுதியில் ராஜவாய்க்கால் பிரிகிறது. ஒரு பங்கு வாய்க்காலில், இன்னொரு பங்கு ஆற்றில். பார்ப்பதற்குச் சாதாரண இடம்தான். ஆனால், இந்த மாவட்டத்தின் பெரிய தண்ணீர் வழக்கே இந்த இடத்தை வைத்துத்தான்.

வாய்க்கால் பக்கத்து விவசாயிகளுக்கு அது நெல்லுக்கும் கண்மாய்க்கும் உயிர்நாடி. தலைமுறை தலைமுறையாகப் பாயும் பாசனம், அதில் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் நிலை. ஆற்றின் கீழே அனுமந்தராயன்கோட்டை தொடங்கி வேடசந்தூர் வரை இருப்பவர்களுக்கோ, ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் கிணற்றில் ஊறும். ஆறு என்று இருந்தால் அதில் தண்ணீர் வர வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. போராட்டம், பேச்சுவார்த்தை, மனு என்று நீண்ட பிரச்னையில், அரசு வல்லுநர் குழுவையும் அமைத்தது.

யார் பக்கம் நியாயம்? பச்சைப் பசேலென்று நிற்கும் சித்தையன்கோட்டை வயலைப் பார்த்தால் அவர்கள் பக்கம் பேசத் தோன்றும். காய்ந்து கிடக்கும் ஆற்றின் கீழ்ப்பகுதியைப் பார்த்தால் இவர்கள் பக்கம் பேசத் தோன்றும். இரண்டையும் பார்த்தவர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அதற்காகத்தான் இரண்டாவது ஞாயிறு.

நடுவில் ஒரு கசப்பான பக்கம்

அழகான இடங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஆற்றின் கதை முழுதாகாது. தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல்லின் பழைய தொழில்களில் ஒன்று. பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். ஆனால், அதன் கழிவுநீர் நகரத்தைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைப் பதம் பார்த்தது.

தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட்டில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வேலூர் வழக்கு என்றுதான் அதற்குப் பெயர். ஆனால், அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல்லும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. நான்கு கிணற்றில் மூன்று! 'மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதில் நம் ஊர்க் கிணறுகளும் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கழிவுநீரைப் பொதுவாகச் சுத்திகரிக்கும் நிலையம் பிறகு வந்தது. ஆனால், ஒருமுறை கெட்ட நிலத்தடி நீர் பழையபடி திரும்ப எத்தனையோ மழைக்காலம் வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும் என்று கீழ்ப்பகுதி ஊர்கள் ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிணறு கைகொடுக்காத இடத்தில் ஆறுதான் கதி.

இரண்டாம் ஞாயிறு: தண்ணீர் போகும் திசையில்

இந்த முறை வடக்கே. மலைக்கோட்டை அடிவாரத்தில் தொடங்கலாம். 1605-ல் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755-ல் ஹைதர் அலி இங்கே பொறுப்புக்கு வந்தார். கணவரைப் போரில் இழந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியார், 1772-க்குப் பின் விருப்பாட்சி, திண்டுக்கல் பகுதியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியோடு படை திரட்டி 1780-ல் சீமையை மீட்டார். ஆற்றங்கரையில் இல்லாத இந்தப் பாறைமேல், மழைநீரைச் சேர்த்துவைக்கும் சுனைகளை நம்பித்தான் படைகள் இருந்தன. தண்ணீர்க் கவலை இந்த ஊருக்குப் புதிதல்ல!

விடியற்காலையில் கோட்டை திறந்திருக்காது. அதைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். 10 கி.மீ-க்குள் தாடிக்கொம்பு. குடகனாற்றங்கரையில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். விஜயநகர, நாயக்கர் காலத்துக் கோயில். அதன் மண்டபத் தூண்களை அவசரமாகப் பார்த்துவிட்டு வரக் கூடாது. உலகளந்த பெருமாள், இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கும் நரசிம்மர், ரதி, மன்மதன், அகோர வீரபத்திரர் என்று ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் சிற்பங்கள். பெருமாள் கோயிலாக இருந்தாலும் ஊர்த்துவ தாண்டவ சிவனும் காளியும்கூட இருக்கிறார்கள். தேய்பிறை அஷ்டமியில் சொர்ண ஆகர்ஷண பைரவரைப் பார்க்க வரும் கூட்டம் பெரிது. நிதானமாகச் சிற்பம் பார்க்க வேண்டும் என்றால் அந்த நாளைத் தவிர்க்கவும்.

மதுரையில் அழகர் வைகையில் இறங்குவது உலகத்துக்கே தெரியும். சித்திரைத் திருவிழாவில் தாடிக்கொம்பிலும் அழகர் குடகனாற்றில் இறங்குகிறார். அது நல்ல கோடை. மேலிருந்து தண்ணீர் வராத ஆண்டில் சாமி மணலில்தான் இறங்க வேண்டும். ஓர் ஊரின் திருவிழாவிலேயே ஆறு இருக்கிறது என்றால், அந்த ஆறு ஒருகாலத்தில் எப்படி ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் அகரம் முத்தாலம்மன் கோயிலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர்போனது.

அங்கிருந்து வேடசந்தூர் பக்கம் போகப்போக நெல் குறையும், மானாவாரி நிலம் கூடும். கம்பு, சோளம், முருங்கை, ஆட்டு மந்தை. கூடவே நூற்பாலைகளும், அவற்றுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்களும். ஆறு பக்கத்தில் இருந்தும் நிலம் காய்ந்து கிடப்பதை சைக்கிளில் போகும்போது நன்றாகவே உணரலாம். முதல் ஞாயிறு பார்த்த தென்னந்தோப்பும் இதுவும் ஒரே ஆற்றுப் பாசனமா என்று சந்தேகமே வரும்.

இந்த மண்ணுக்கு ஏற்ற பணப்பயிராக ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்தது புகையிலை. வெள்ளைக்காரர்கள் விரும்பிப் புகைத்த திருச்சி சுருட்டுக்கு இலை போனது திண்டுக்கல் பக்கத்திலிருந்துதான். ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. வேடசந்தூரில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அமைந்ததும் அதனால்தான்.

அணை உடைந்த கதை

வேடசந்தூரைத் தாண்டி அழகாபுரியில் இருக்கிறது குடகனாறு அணை. நம் பயணத்தின் கடைசி நிறுத்தம். இந்த அணைக்கு ஒரு சோகமான முதல் அத்தியாயம் உண்டு.

ஐந்து ஷட்டர்களோடு, ஆற்றுப் படுகையிலிருந்து 11 மீட்டருக்கும் சற்று அதிகமான உயரத்தில் கட்டப்பட்ட மண் அணை இது. கட்டியது 1977. உடைந்ததும் அதே 1977! வெள்ளம் வந்தபோது ஷட்டர்களைத் தூக்க ஊழியர்கள் உடனே முயன்றார்கள். பாதி தூக்கும்போதே கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டியும் பலன் இல்லை. கடைசியில் கையாலேயே சுற்றித் தூக்கப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேலேயே வழிந்து, பின்பக்கச் சரிவில் அருவியாக விழுந்து மண்ணை அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகலமான உடைப்புகள். இந்தியாவில் உடைந்த அணைகளைப் பற்றிப் பேசும் பொறியாளர்கள் இன்றும் இதை ஓர் உதாரணமாகச் சொல்கிறார்கள். பிறகு அணை மறுபடி கட்டப்பட்டது.

அதிகத் தண்ணீரால் உடைந்த அணை, இன்று தண்ணீருக்குக் காத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. மழை கொட்டித்தீர்க்கும் ஆண்டில் நிரம்பும். மற்ற ஆண்டுகளில் மேலே அணையும் வாய்க்காலும் கண்மாய்களும் குடித்தது போக மிச்சம் வந்தால்தான் உண்டு. வந்தாலும் நடுவழியில் என்ன சேர்ந்து வருகிறது என்ற கவலை தனி.

சைக்கிளை நிறுத்திவிட்டு அணைக்கரையில் நின்று தெற்கே பாருங்கள். போன வாரம் மலையடிவாரத்தில் பார்த்த அதே தண்ணீரின் கடைசிப் பங்கு இதுதான். தலைமடைக்காரருக்கு கடைமடை தெரியாது, கடைமடைக்காரருக்குத் தலைமடை தெரியாது. ஆத்தூர்க்காரர் அழகாபுரிக்கு வரவேண்டிய வேலை என்ன இருக்கிறது? சௌந்தரம் அம்மையார் போல இரண்டு முனையையும் தெரிந்தவர்கள் கூடினால், பங்கு பற்றிய பேச்சும் கொஞ்சம் நிதானமாக நடக்கும். அதற்குப் பெரிய பதவி எதுவும் வேண்டாம். காற்றடித்த இரண்டு டயர் போதும்.

கிளம்பும் முன்...

* எப்போது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆற்றிலும் கண்மாயிலும் தண்ணீர் இருக்கும் மார்கழி, தை மாதங்கள் சிறந்தவை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஆளையே தள்ளும். சித்திரை வெயில் வேண்டவே வேண்டாம்.

* எந்த சைக்கிள்? கியர் சைக்கிள் கட்டாயம் இல்லை. வீட்டில் இருக்கும் சாதாரண சைக்கிளே போதும். பிரேக், செயின், காற்று மூன்றையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஞாயிறு காலையில் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு டியூப், சின்ன பம்பு கையில் இருக்கட்டும்.

* மேடு, பள்ளம்? ஆத்தூர் போகும்போது லேசான ஏற்றம், திரும்பும்போது இறக்கம். வேடசந்தூர் பக்கம் தலைகீழ். வடக்கே சுலபமாகப் போய்விடலாம், வெயிலில் திரும்பும்போதுதான் கால் வலிக்கும். அதற்கேற்ப பலத்தை மிச்சம் வையுங்கள்.

* சாலை? நான்குவழிச் சாலையைத் தவிர்த்து ஊர்ச் சாலைகளைப் பிடியுங்கள். மேப்பில் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் டீக்கடையில் கேளுங்கள், மேப்பைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

* பிள்ளைகளோடு போகிறீர்களா? முழு தூரமும் வேண்டாம். சித்தையன்கோட்டை வரை வண்டியில் சைக்கிளைக் கொண்டுபோய், அங்கிருந்து அணை வரை மட்டும் ஓட்டலாம். தாடிக்கொம்பு மட்டும் போய்வந்தாலும் நல்ல அரைநாள் பயணம். ஹெல்மெட் எல்லோருக்கும் அவசியம்.

* எச்சரிக்கை: மழை நேரத்தில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால், முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். திரும்பி விடுங்கள். அணைகளில் குளிக்க இறங்க வேண்டாம்.

* சாப்பாடு? கோயிலைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திண்டுக்கல் திரும்பினால், சீரக சம்பா பிரியாணி தயாராக இருக்கும். அதைப் பற்றி நாங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை!

இன்னொரு சின்ன வேண்டுகோள். போகிற வழியில் ஆற்றை போட்டோ எடுத்தால், தண்ணீர் இருக்கும் இடத்தை மட்டும் எடுக்காதீர்கள். இல்லாத இடத்தையும் எடுங்கள். தேதியையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில் அதே பாலத்தில் நின்று மறுபடி எடுங்கள். எந்தப் பாலம் வரை தண்ணீர் வந்தது, எந்தப் பாலத்தோடு நின்றது என்பதை அந்தப் படங்களே காட்டிவிடும்.